கூரையில் ஓட்டை, தரையில் சூரியன்

இத்தாலி நாட்டு ஃப்ளோரன்ஸ் நகரத்துக்கு விடுமுறையில் போகிற குடும்பங்கள் முதலில் போய் நிற்பது சாந்தா மரியா தெல் ஃபியோரே பேராலயத்தின் வாசலில்தான். வெளிச்சுவர் முழுக்க வெள்ளை, பச்சை, சிவப்புப் பளிங்கு. வெள்ளைக் கல் கராராவிலிருந்தும் பச்சைக் கல் பிராத்தோவிலிருந்தும் வந்தவை. முன்பக்கத்தில் ஒரு சாண் இடத்தைக்கூடச் சும்மா விடாமல் சிலையும் பூவேலையும் செய்து வைத்திருக்கிறார்கள். பேராலயத்தைக் கட்டத் தொடங்கியது 1296-ல். இந்த அலங்கார முகப்பு முடிந்ததோ 1887-ல்! பெரியவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். நாம் உள்ளே போவோம். உள்ளே எனக்குப் பிடித்தது ஒரு ஓட்டை.

வெளியே அத்தனை ஜோடனை செய்தவர்கள் உள்ளே ஏன் இப்படி வெறிச்சென்று விட்டார்கள் என்று முதலில் தோன்றும். வாசலைத் தாண்டியதும் திரும்பி மேலே பாருங்கள். 1443-ல் பாவ்லோ உச்செல்லோ என்ற ஓவியர் வரைந்த கடிகார முகம் இருக்கும். அதற்கு ஒரே முள். மொத்தம் 24 மணி. முள் நம் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். 24-வது மணி எப்போது முடிகிறது தெரியுமா? சூரியன் மறையும்போது! ஃப்ளோரன்ஸில் அன்று நாளை எண்ணத் தொடங்கியது அந்தி நேரத்திலிருந்துதான். சூரியனைப் பார்த்து நாளை எண்ணிய அந்த ஊரில், சூரியனையே உள்ளே இறக்கிவிடவும் ஒருவர் முயன்றதில் வியப்பில்லை.

அதற்கு முதலில் உயரமான கூரை வேண்டும். அந்தக் கூரைக்கே பெரிய கதை உண்டு. சுவர்கள் எழுந்துவிட்டன, நடுவில் நாற்பது மீட்டருக்கும் அதிக அகலத்தில் வானம் திறந்து கிடந்தது. அதை எப்படி மூடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. வளைவாக ஏதாவது கட்டினால் கொத்தனார்கள் கீழே சென்ட்ரிங் அடிப்பார்கள் இல்லையா? மரப்பலகையால் முட்டுக் கொடுத்து, அதன் மேல் கட்டி, கலவை இறுகியதும் பிரித்துவிடுவார்கள். இந்த அகலத்துக்கும் உயரத்துக்கும் சென்ட்ரிங் அடிக்க ஒரு காட்டையே வெட்ட வேண்டும். 1418-ல் போட்டி வைத்தார்கள். "சென்ட்ரிங்கே இல்லாமல் கட்டுகிறேன்" என்று முன்வந்தவர் பிலிப்போ புருனெல்லெஸ்கி. தொழிலில் அவர் பொற்கொல்லர்.

1420-ல் வேலை தொடங்கியது. செங்கல்லை வட்ட வட்டமாக அடுக்கிக்கொண்டு மேலே போனார்கள். மேலே போகப் போகச் சுவர் உள்பக்கம் சாயும். ஈரக் கலவையில் பதித்த செங்கல் சறுக்கி விழப் பார்க்கும். அதற்குப் புருனெல்லெஸ்கி வைத்திருந்த மருந்து, படுக்கையாக வைத்த செங்கற்களுக்கு இடையிடையே ஒரு செங்கல்லை நிமிர்த்தி வைப்பது. அலமாரியில் புத்தகங்கள் சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் அண்டை கொடுப்போமே, அந்த வேலையை நிமிர்ந்த செங்கல் செய்தது. நிமிர்ந்த இரண்டு செங்கற்களுக்கு நடுவே சறுக்கப் பார்க்கும் செங்கல் சிலதான். அவற்றை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துவிட்டால் போதும். ஒரு வட்டம் முழுதாகச் சேர்ந்ததும் கல்லுக்குக் கல் நெருக்கிக்கொள்ளும். அப்புறம் விழ வழியில்லை. இப்படி வைத்த செங்கல் வரிசை பார்க்க மீன்முள் போலிருப்பதால் இத்தாலியில் அதற்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இந்தக் குவிமாடத்தில் உள்ளே கனமாக ஒரு கூடு, வெளியே மெலிதாக இன்னொரு கூடு, இரண்டுக்கும் நடுவே ஏறிப் போகப் படிக்கட்டு. தரையிலிருந்து எண்ணினால் 463 படிகள், லிஃப்ட் கிடையாது. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள். அவற்றையும் கல்லையும் மேலே தூக்க, மாடு பூட்டிய ஒரு பாரந்தூக்கியைப் புருனெல்லெஸ்கியே செய்தார். மாடு ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பல்சக்கரத்தை மாற்றினால் போதும், மேலே போன கயிறு கீழே இறங்கத் தொடங்கும். மாட்டை அவிழ்த்துத் திருப்பிக் கட்டும் வேலையே இல்லை. 1436-ல் குவிமாடம் முடிந்தது. உச்சியில் பளிங்கில் ஒரு விளக்கு மாடமும் 1461-ல் எழுந்தது.

இப்போது ஓட்டைக்கு வருவோம். புருனெல்லெஸ்கியின் நண்பர் பாவ்லோ தொஸ்கனெல்லி. கணிதமும் வானியலும் அறிந்தவர். 1475-ல் அவர் விளக்கு மாடத்தின் அடியில், தரையிலிருந்து சுமார் 90 மீட்டர் உயரத்தில், ஒரு வெண்கலத் தகட்டைப் பொருத்தினார். தகட்டில் சில சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு துளை. அவ்வளவுதான் கருவி! லென்ஸ் இல்லை. தொலைநோக்கி என்ற ஒன்று வருவதற்கே இன்னும் நூறு வருடத்துக்கு மேல் இருந்தது. உங்கள் பாடப்புத்தகத்தில் வருகிற ஊசித்துளை காமிராவில் அட்டைப்பெட்டி இருக்கும். இங்கே பெட்டிக்குப் பதில் ஒரு பேராலயம்.

ஜூன் மாத உச்சிப் பொழுதில், அதாவது அங்கே கடிகாரம் ஒன்றேகால் காட்டும் வாக்கில், அந்தத் துளை வழியாக வரும் வெளிச்சம் வடபக்கச் சிற்றாலயத்தின் தரையில் வட்டமாக விழும். அகலம் சுமார் 90 சென்டிமீட்டர். கொஞ்சம் சாய்வாக விழுவதால் வட்டம் லேசாக நீண்டிருக்கும்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது என் அக்கா மகள் குறுக்கே புகுந்தாள்: "மாமா, ஓட்டை சதுரமா இருந்தா சூரியனும் சதுரமாத்தானே விழும்?"

விழாது. ஏனென்று பார்ப்போம். ஓட்டையின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் சூரியனின் ஒரு முழு வட்டம் தரைக்கு வருகிறது. ஓட்டை சதுரம் என்றால், அந்த வட்டங்கள் சதுரமாக ஒன்றின் மேல் ஒன்று விழும். ஓட்டைக்குப் பக்கத்திலேயே தாளை நீட்டினால் வட்டங்கள் பொடிப்பொடியாக இருக்கும், சதுரம் அப்படியே தெரியும். தாளைத் தள்ளிக்கொண்டே போனால் வட்டங்கள் பெரிதாகிக்கொண்டே போகும். சதுரம் மட்டும் இருந்த அளவிலேயே இருக்கும். கடைசியில் 90 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் நாலு சென்டிமீட்டர் சதுரம் எங்கே தெரியப்போகிறது? புங்க மரத்தடியில் இலைச் சந்துகள் கோணல்மாணலாக இருந்தாலும் தரையில் வெயில் வட்ட வட்டமாக விழுவது இதனால்தான். அவை ஒவ்வொன்றும் ஒரு சூரியப் படம். நம்பவில்லை என்றால், 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூரிலோ திண்டுக்கல்லிலோ இருந்தவர்களைக் கேளுங்கள். அன்று வளையச் சூரிய கிரகணம். மரத்தடி வட்டங்கள் எல்லாம் வளையல் வளையலாக மாறிப்போயின.

90 சென்டிமீட்டர் என்பதும் கணக்குதான். சூரியனின் தூரம் சுமார் 15 கோடி கிலோமீட்டர். அதன் குறுக்களவு 13 லட்சத்து 90 ஆயிரம் கிலோமீட்டர். வகுத்தால் ஏறக்குறைய 108. ஓட்டையிலிருந்து படம் எவ்வளவு தூரத்தில் விழுகிறதோ, அதை 108-ஆல் வகுத்தால் படத்தின் அகலம். (108 என்றதும் பாட்டி கைகூப்பினால் தடுக்காதீர்கள்.) சாய்வாக வரும் ஒளி பேராலயத்தில் கடக்கும் தூரம் சுமார் 91 மீட்டர். நீங்களே வகுத்து, ஓட்டையின் அகலத்தையும் கூட்டிப் பாருங்கள்.

தொஸ்கனெல்லிக்கு ஏன் இந்த உயரம் தேவைப்பட்டது? ஜூன் 21-ஐ ஒட்டித்தான் மதியச் சூரியன் அந்த ஊரில் ஆக உயரத்துக்கு ஏறும். மற்ற நாளில் படம் இன்னும் வடக்கே தள்ளி விழும். குளிர்காலத்தில் தரைக்கே வராமல் சுவரில் மோதும். அந்த உச்ச நாளைப் பிடிப்பதுதான் கஷ்டம். மார்ச் மாதத்தில் சூரியன் நாளுக்கு நாள் வேகமாக இடம் மாறும். ஜூன் 21 வாக்கில் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாது. உச்ச நாளுக்கும் மறுநாளுக்கும், 90 மீட்டர் உயரத்து ஓட்டையிலேயே, தரையில் வித்தியாசம் அரை சென்டிமீட்டர் சொச்சம்தான். பத்து மீட்டர் கூரையில் ஓட்டை போட்டிருந்தால் அது ஒரு மில்லிமீட்டர்கூட வந்திருக்காது. இந்த வேலைக்கு அன்று இதைவிட வசதியான கூரை எங்கே கிடைக்கும்!

சூரியனை இவ்வளவு நுணுக்கமாகப் பிடித்தவர் பூமியை அளப்பதில் சறுக்கினார் என்பது வேடிக்கை. மேற்கே கப்பல் விட்டால் ஆசியா பக்கத்தில்தான் என்று 1474-ல் கடிதம் எழுதியவர் இதே தொஸ்கனெல்லி. அந்தக் கணக்கை நம்பியவர்களில் கொலம்பஸும் ஒருவர்.

1510-ல் சூரியப் படம் விழும் இடத்தைக் குறித்துத் தரையில் ஒரு பளிங்கு வட்டத்தைப் பதித்தார்கள். 1755-ல் லியோனார்தோ சிமேனெஸ் என்ற பாதிரியார் மறுபடி அளந்தார். குவிமாடம் அசைந்திருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நோக்கம்; இன்னொன்று பூமியைப் பற்றியது. பூமி சாய்ந்து சுற்றுகிறது அல்லவா, அந்தச் சாய்வு மாறுகிறதா இல்லையா என்று அப்போது வானியல் அறிஞர்களுக்குள் சண்டை. மாறுகிறது, மெல்லக் குறைந்து வருகிறது என்றே சிமேனெஸின் அளவும் காட்டியது. மற்றக் கோள்களின் ஈர்ப்பு செய்கிற வேலை அது. இன்றைய கணக்குப்படி அந்த 245 வருடத்தில் சூரியப் படம் இடம் மாறியிருக்க வேண்டிய அளவு ஐந்தாறு சென்டிமீட்டர். சிமேனெஸின் அளவுக் கோடும் தரையில் இருக்கிறது. மற்ற நாளில் மூடியிருக்கும். ஜூனில் திறந்து மக்களுக்குக் காட்டுகிறார்கள். சூரிய வட்டம் தன் அகலத்தைத் தானே கடக்க இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். தரையில் 90 சென்டிமீட்டர் என்றால் அது நன்றாகவே ஓடும். ஓடுவது பூமி!

இதை வீட்டில் செய்ய ஒரு சின்னக் கண்ணாடி போதும். கறுப்புத் தாளில் அரை சென்டிமீட்டர் சதுரம் வெட்டிக் கண்ணாடி மேல் ஒட்டுங்கள். வெயில் படும் ஜன்னல் திண்டில் அதைச் சாய்த்து வைத்து, இருட்டான கூடத்தின் எதிர்ச் சுவரில் வெளிச்சத்தை விழச் செய்யுங்கள். சூரியனையோ கண்ணாடிக்குள் தெரியும் சூரியனையோ நேராகப் பார்க்கக் கூடாது. யார் கண்ணிலும் அடிக்கவும் கூடாது. சுவர் 10 மீட்டர் தள்ளி இருந்தால் 9 சென்டிமீட்டர் சொச்சத்தில் ஒரு வட்டச் சூரியன் கிடைக்கும், சதுர ஓட்டை வழியாகவே! அதன் விளிம்பைப் பென்சிலால் குறித்துவிட்டு நேரம் பாருங்கள். மறுநாள் அதே நேரத்தில் இன்னொரு குறி. மார்ச் கடைசியிலோ செப்டம்பர் கடைசியிலோ செய்தால் ஒரே நாளில் ஏழு சென்டிமீட்டர் வரை தள்ளியிருக்கும். கண்ணாடி மட்டும் இம்மியும் நகரக் கூடாது. வீட்டில் யார் தூசி தட்டுகிறார்களோ அவர்களிடம் முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.