நவம்பர் 26: அரசமைப்புச் சட்டம் கல்வராயன் மலை ஏறின கதை

இன்னைக்கு நாம கிழிக்கப்போற காலண்டர் தாள், நவம்பர் 26. இந்த ஒரு தேதிக்குள்ள ஒரு எகிப்து ராஜா, ஒரு நாய், பால் வித்த ஒரு இன்ஜினியர், ஒரு பெரிய புத்தகம், ஒரு மலை எல்லாம் இருக்கு. மலைக்குப் போய்ச் சேரத்தான் நேரம் ஆகும். அதனால முதல்ல இருக்கறதை வேகமா பார்த்துடலாம்.

1922, நவம்பர் 26. எகிப்துல ஹோவர்ட் கார்ட்டர் என்கிற தொல்லியல் ஆய்வாளர், பூமிக்கு அடியில ஒரு மூடின கதவு முன்னாடி நிக்கறார். கதவுல சின்னதா ஒரு ஓட்டை போட்டு, மெழுகுவர்த்தியை உள்ள நீட்டிப் பார்க்கறார். உள்ளே எங்க பார்த்தாலும் தங்கம்! அது 3,000 வருஷத்துக்கு முன்னாடி ஆண்ட துட்டன்காமனோட கல்லறை. ராஜான்னு சொன்னாலும், சாகும்போது பத்தொன்பது வயசு இருக்கலாம்னு சொல்றாங்க. காலேஜ் செகண்ட் இயர் படிக்கிற வயசு.

அதே 1922, அதே நவம்பர் 26-ல அமெரிக்காவுல சார்லஸ் ஷுல்ஸ் பிறந்தார். பேரு தெரியலன்னா பரவாயில்ல, ஸ்னூப்பியைத் தெரியும்ல? அந்த நாயை வரைஞ்சவர் இவர்தான். 1950-ல இருந்து 2000 வரைக்கும் 'பீனட்ஸ்' காமிக்ஸை வரைஞ்சுக்கிட்டே இருந்தார். மொத்தம் 17,000-க்கும் மேல!

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1921-ல, இதே தேதியில கோழிக்கோட்டுல பிறந்தவர் வர்கீஸ் குரியன். சென்னைக்காரங்க இவரைக் கொஞ்சம் சொந்தம் கொண்டாடலாம். லயோலாவுல இயற்பியல், கிண்டியில இன்ஜினியரிங். அரசு உதவித்தொகையில அமெரிக்கா போய்ப் படிச்சார். அதனால திரும்பி வந்ததும் அரசு சொல்ற இடத்துல வேலை பார்த்தே ஆகணும். 1949-ல அவரை குஜராத்துல ஆனந்த் என்கிற சின்ன ஊருக்கு அனுப்பினாங்க. எப்படா கிளம்பலாம்னு இருந்த மனுஷன், கடைசிவரை அங்கேயே தங்கிட்டார். விவசாயிகளே முதலாளிகளா இருக்கிற அமுல் கூட்டுறவை அவங்களோட சேர்ந்து வளர்த்தார். எருமைப் பால்ல பால் பவுடர் பண்ண முடியாதுன்னு நிபுணர்கள் சொன்னாங்க. குரியனோட நண்பர் தலாயா அதைச் செஞ்சு காட்டினார். குரியன் பிறந்தநாளைத்தான் 2014-ல இருந்து தேசிய பால் தினமா கொண்டாடறோம்.

இந்தத் தேதிக்கு ஒரு துயரமான நினைவும் இருக்கு. 2008-ல மும்பையில நடந்த பயங்கரவாதத் தாக்குதல். 166 பேர் உயிரிழந்தாங்க.

இப்ப அந்தப் பெரிய புத்தகத்துக்கு வருவோம். குரியன் ஆனந்துக்குப் போன அதே 1949-ல, நவம்பர் 26-ம் தேதி, டெல்லியில அரசமைப்பு நிர்ணய சபை இந்திய அரசமைப்புச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அப்ப அதுல 395 பிரிவுகள், 8 அட்டவணைகள். எழுதி முடிக்க மூணு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவா ஆச்சு. "அது ஜனவரி 26-தானே?"ன்னு கேப்பீங்க. முழுசா நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. ஆனா சில பிரிவுகள் மட்டும் நவம்பர் 26 அன்னைக்கே உயிர் பெற்றுடுச்சு. அதுல முக்கியமானது குடியுரிமை பற்றிய பிரிவுகள். அதாவது அன்னைக்கு ராத்திரி தூங்கப் போன கோடிக்கணக்கான பேர், சட்டப்படி இந்தியக் குடிமக்களா தூங்கப் போனாங்க.

கல்வராயன் மலையில இருந்தவங்களும்தான். ஆனா அவங்க கதை வேற மாதிரி.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையோட ஒரு பகுதி. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன்னு ரெண்டு பிரிவு. ஒரு பக்கம் சேலம் மாவட்டம், இன்னொரு பக்கம் கள்ளக்குறிச்சி. மேகம் அருவி, பெரியார் அருவின்னு ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. அங்க வாழற பழங்குடி மக்களோட பேரு 'மலையாளி'. உடனே கேரளான்னு நினைக்காதீங்க. மலையில வாழறவங்க, அதனால மலையாளி. பேசறது தமிழ்தான்.

இந்த மலை பல தலைமுறையா மூணு ஜாகீர்களா பிரிஞ்சு கிடந்துச்சு: சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் ஜாகீர்கள். ஜாகீர்னா, ஒரு பகுதியோட வரியையும் அதிகாரத்தையும் ஒரு குடும்பத்துகிட்ட ஒப்படைக்கிற ஏற்பாடு. கிருஷ்ணதேவராயர் காலத்துல கொடுத்ததுன்னு வழிவழியா சொல்வாங்க. ஜாகீர்தாருக்கு மக்கள் வரி கட்டணும். அதோட அவரோட நிலத்துல கூலி இல்லாம உழைக்கவும் செய்யணும்.

இங்க ஒரு வார்த்தையைப் பத்திச் சொல்லணும். "வெட்டியா இருக்கேன்"னு நாம ஈஸியா சொல்றோம், இல்லையா? சோழர் காலக் கல்வெட்டுகள்ல 'வெட்டி'ன்னா கூலி இல்லாத கட்டாய உழைப்பு. வரிகளோட பட்டியல்லயே அது வரும். சும்மா இருக்கறதுக்கு நேர் எதிர். முதுகு ஒடிய வேலை செய்யணும், கையில காசு மட்டும் வராது.

அரசமைப்புச் சட்டத்தோட 23-வது பிரிவு இதைத்தான் தடை செய்யுது. கூலி இல்லாம ஒருத்தரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கறது குற்றம். 1950 ஜனவரியில இருந்து நாடு முழுக்க இதுதான் சட்டம். ஆனா கல்வராயன் மலையில ஜாகீர் முறை தொடர்ந்துச்சு. அரசு அந்த மலையை ஜாகீர்தார்கள் கையில இருந்து எடுத்தது 1976-ல! கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நாடாளுமன்றத்துல நிறைவேறினதும் அதே வருஷம்தான்.

கொஞ்சம் கணக்குப் போடுங்க. 1949 நவம்பர் 26 அன்னைக்கு மலையில ஒரு குழந்தை பிறந்திருந்தா, பிறக்கும்போதே குடியுரிமையோட பிறந்திருக்கும். ஜாகீர் போகும்போது அதுக்கு 26 வயசு ஆகியிருக்கும். அநேகமா கல்யாணம் ஆகி, அதுக்கே குழந்தைகள் இருந்திருக்கும். மலை அடிவாரத்துல இருந்து மேல ஏற, ஒரு சட்டத்துக்கு அவ்வளவு காலம் ஆகியிருக்கு.

அடுத்து, 2019. அந்த வருஷம் நவம்பர் கடைசியில தமிழ்நாட்டுல ஒரே வாரத்துக்குள்ள அஞ்சு மாவட்டம் பிறந்துச்சு. 22-ம் தேதி தென்காசி. 28-ல திருப்பத்தூர், ராணிப்பேட்டை. 29-ல செங்கல்பட்டு. தாம்பரத்துல இருந்து கேக்கறவங்க, உங்க மாவட்டத்தோட பிறந்தநாளைக் குறிச்சு வெச்சுக்கங்க. நடுவுல 26-ம் தேதி, விழுப்புரத்துல இருந்து பிரிஞ்சு கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆச்சு. அரசமைப்புச் சட்டத்தை ஏற்று சரியா 70 வருஷம் ஆன அதே நாள்.

மாவட்டம் பிரிஞ்சா என்ன, போர்டுல பேரு மாறும், அவ்வளவுதானேன்னு நகரத்துல இருந்து பார்த்தா தோணும். கலெக்டர் ஆபீஸ்ல திங்கள்கிழமை தோறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். பட்டா வரல, சாலை இல்ல, எதுவா இருந்தாலும் மனு கொடுக்கலாம். முன்னாடி வெள்ளிமலையில இருக்கிற ஒரு அம்மா மனு கொடுக்கணும்னா, மலையை விட்டு இறங்கி கள்ளக்குறிச்சி வரணும். அங்க இருந்து இன்னும் எழுபது, எண்பது கிலோமீட்டர் பஸ்ல விழுப்புரம் போகணும். ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு வேற. இப்ப அந்தப் பயணம் கள்ளக்குறிச்சியோட முடிஞ்சுடுது. கல்வராயன் மலைக்குன்னே வெள்ளிமலையில ஒரு வட்டாட்சியர் அலுவலகமும் வந்திருக்கு.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல வரல. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி நகரத்துல விஷச் சாராயம் குடிச்சு 60-க்கும் மேற்பட்டவங்க இறந்துபோனாங்க. அப்ப கல்வராயன் மலை பேரு எல்லா நியூஸ்லயும் அடிபட்டுச்சு, சாராயத்தோட சேர்த்து மட்டும். ஆனா சென்னை உயர் நீதிமன்றம் வேற பக்கமா கேள்வி கேட்டுச்சு. அந்த மக்களுக்கு சாலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, ரேஷன் கடை எல்லாம் எந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கு? யாரும் வழக்குப் போடாமலே, ஜூலையில நீதிபதிகள் தாங்களாவே முன்வந்து இதை வழக்கா எடுத்துக்கிட்டாங்க. ஆம்புலன்ஸ் போக முடியாத கிராமங்கள், நடந்தே பள்ளிக்கூடம் போற பிள்ளைகள்னு மலையோட நிலைமை கோர்ட்டுக்குள்ள பேசப்பட்டுச்சு.

அடுத்த எபிசோட்ல நவம்பர் 27. பார்க்கலாம்!