வேளாங்கண்ணிக்கு ஒரு மார்கழி வேன்

சென்னை சென்ட்ரலுக்குள் நுழையுமுன் ரயில்கள் சிக்னலுக்காகப் பெருமூச்சு விட்டு நிற்கும் இடம் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்குப் பேசின் பிரிட்ஜைத் தெரியும். அந்தத் தண்டவாளங்களைச் சுற்றிப் புளியந்தோப்பு, வியாசர்பாடி, ராயபுரம், காசிமேடு என விரியும் வட சென்னைப் பகுதியில் ரயில்வேயையும் துறைமுகத்தையும் மீன்பிடித் தொழிலையும் நம்பி வாழும் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஏராளம். கிறிஸ்துமஸ் முடிந்து, பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை மிச்சமிருக்கும் நாட்களில் அவர்களில் பலர் வேன் பிடித்துத் தெற்கே கிளம்புகிறார்கள், வேளாங்கண்ணி மாதாவைப் பார்க்க.

தூரம் 300 கிலோமீட்டருக்கும் மேல். நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி வரை ரயில் பாதையும் இருக்கிறது. ஆனாலும் குடும்பத்தோடு போவதென்றால் வேன்தான். பாட்டிக்குக் கால் மரத்துப்போனால் நிறுத்தலாம். சவுக்குத் தோப்பு நிழலில் புளிசாதப் பாத்திரத்தைத் திறக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வழியிலுள்ள கோயில்களில் எல்லாம் இறங்கி ஏறலாம்.

அப்படி இறங்கி ஏறினால், தமிழகக் கிறிஸ்தவத்தின் வரலாறே சாலையோரம் வரிசையாக நிற்பது தெரியும். இயேசுவின் சீடர் தோமாவின் கல்லறை மீது எழுந்ததாக நம்பப்படும் சாந்தோம் பேராலயம் சென்னைக்குள்ளேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைக் கடந்து புதுச்சேரிக்குப் போனால், பக்கத்திலேயே வில்லியனூர் லூர்து மாதா. பிரான்சின் லூர்து நகரில் 1858-இல் பெர்னதெத் என்ற சிறுமி கண்ட காட்சியின் புகழ், பிரெஞ்சு மிஷனரிகளோடு இங்கே வந்து படித்துறைக் குளத்தோடு ஒரு கோயிலாகி நிற்கிறது.

சிதம்பரம், சீர்காழியைத் தாண்டியதும் தரங்கம்பாடி. டென்மார்க் மன்னர் அனுப்பிய ஜெர்மானியப் புராட்டஸ்டன்ட் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9-இல் வந்திறங்கிய ஊர் இது. தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, 1715-க்குள் அதை இங்கேயே அச்சிட்டு முடித்தார். 1718-இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்த அவர், அடுத்த ஆண்டே 36 வயதில் இறந்து அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கமானார். ஒரே வேனில் கத்தோலிக்க மாமியாரும் சி.எஸ்.ஐ. புராட்டஸ்டன்ட் மருமகளும் இருந்தால், மருமகள் ஆசைப்பட்டு இறங்கும் இடம் தரங்கம்பாடியாகத்தான் இருக்கும். நாகூர் வந்தால் இருவரும் சேர்ந்தே தர்காவுக்குப் போவதும் உண்டு.

வேளாங்கண்ணிக்கு மூன்று மரபுக் கதைகள். பால் கொண்டுபோன சிறுவனுக்கு மாதா காட்சி தந்தது ஒன்று. மோர் விற்ற, நடக்க முடியாத சிறுவன் எழுந்து நடந்தது இன்னொன்று. புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசிய மாலுமிகள் கரை சேர்ந்தது மூன்றாவது. 1962-இல் போப் இருபத்து மூன்றாம் யோவான் இங்குள்ள ஆலயத்தைப் பேராலயமாக உயர்த்தினார். திருவிழா கொடியேறுவது ஆகஸ்ட் 29-இல், பெருவிழா செப்டம்பர் 8-இல். டிசம்பரில் வருபவர்களோ பெரும்பாலும் நேர்த்திக்கடன் தீர்க்க வருபவர்கள். பிள்ளை பிறந்தால் மொட்டை, நோய் தீர்ந்தால் கை கால் உருவம் பொறித்த வெள்ளித் தகடு, வேண்டியது நடந்துவிட்டால் மணல் பாதையில் முழங்காலால் நடப்பது. கேட்டேன், தாயே கொடுத்தாய், வந்துவிட்டேன் என்கிற நேர்மையான கணக்கு அது.

அந்தக் கணக்கை 2004 டிசம்பர் 26 குலைத்துப் போட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்காகக் குடும்பம் குடும்பமாக வந்தவர்களால் வேளாங்கண்ணி நிறைந்திருந்தது. காலையில் சுனாமியாகக் கடல் உள்ளே வந்தது. பேராலயம் தப்பியது, கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நின்ற யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6,000-க்கும் மேல். நன்றி சொல்ல வந்தவர்களுக்கே ஏன் இப்படி என்று பக்தர்களும் கேட்டார்கள், கடவுளை நம்பாதவர்களும் கேட்டார்கள்.

கத்தோலிக்கத் திருவழிபாட்டு நாள்காட்டியில் அந்த ஞாயிறு திருக்குடும்ப விழா. அன்றைய திருப்பலிக்கு உரிய நற்செய்தி, ஏரோதுவின் வாளுக்குத் தப்ப யோசேப்பு மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடிய பகுதி. பிறப்புக் கதையின் தொடக்கமும் பயணம்தான்: குடிமதிப்புக்காக நிறைமாதக் கர்ப்பிணி நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போனாள். குடிலில் பொம்மைகளை அடுக்கும்போது கதையின் இந்தத் துயரப் பாதி கண்ணில் படுவதில்லை. நாள்காட்டியோ அதை மறைப்பதில்லை. வழக்கமாகக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் திருநாள். 28-ஆம் தேதி, ஏரோது கொன்ற பச்சிளம் குழந்தைகளின் நினைவு நாள்.

வேண்டுதல் பலித்தால் புண்ணியம், பலிக்காவிட்டால் பாவம் என்ற கணக்கை இயேசுவும் ஏற்கவில்லை. சிலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் இல்லை என்று அவர் சொன்னதை லூக்கா பதிவு செய்திருக்கிறார். ஏன் செத்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் அங்கே விடை இல்லை. சுனாமிக்குப் பிந்தைய பிரசங்கம் எதுவாக இருந்தாலும், இந்த இடத்தில் தயங்கி நின்றுதான் ஆக வேண்டும்.

வட சென்னைக்கு டிசம்பர் எப்போதுமே சோதனை மாதம்தான். சுனாமி இங்குள்ள மீனவக் குப்பங்களையும் விட்டுவைக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி, படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது. வீட்டு வாசலில் நட்சத்திரம் கட்டவேண்டிய வாரத்தில், கையில் ஒட்டிய எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள் மீனவர்கள்.

ஆண்டுதோறும் 26-ஆம் தேதி காசிமேட்டிலிருந்து நாகை வரை கடலில் பாலூற்றி, மலர் தூவி, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அதில் மதம் பார்ப்பதில்லை. அதே நாட்களில்தான் வேன்களும் அதே கரையோரமாகப் போய் வருகின்றன. 31-ஆம் தேதி நள்ளிரவு ஆராதனைக்குச் சொந்தக் கோயிலில் இருந்தாக வேண்டும் என்பதால், வேன்காரரிடம் பேசும்போதே திரும்பும் நாளையும் சேர்த்துப் பேசிவிடுகிறார்கள்.