சைக்கிள் கடையில் செய்த விமான எஞ்சின்

ஆகாய விமானத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், நம் பள்ளியின் ஐந்தாம் வகுப்புச் சிறுமியும் ரைட் சகோதரர்கள் என்று சொல்லிவிடுவாள். அதன் எஞ்சினைச் செய்தவர் யார் என்று கேட்டால் பத்தாம் வகுப்பில் படிக்கும் நாமும் விழிப்போம். எவ்வளவு நல்ல யோசனையானாலும், அதை இரும்பில் செய்து தர ஒருவர் கிடைக்காவிட்டால் காகிதத்தோடு நின்றுவிடும். ரைட் சகோதரர்களுக்கு அப்படிக் கிடைத்தவர் சார்லி டெய்லர்.

வில்பரும் ஆர்வில்லும் அமெரிக்காவில் டெய்ட்டன் என்ற ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். தந்தை ஒரு பிராட்டஸ்டண்டு சபையின் ஆயர். சகோதரர் இருவரும் கல்லூரிக்குச் சென்றவர்களல்லர். 1902ஆம் ஆண்டுக்குள் எஞ்சின் இல்லாத கிளைடரில் ஏறிக் காற்றில் மிதக்கவும் திரும்பவும் நன்றாகப் பழகிவிட்டார்கள். இனி எஞ்சின் ஒன்றுதான் பாக்கி. 8 அல்லது 9 குதிரைத் திறன் வேண்டும். எடையோ 180 பவுண்டுக்கு, அதாவது சுமார் 82 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. இவ்வாறு எழுதிப் பல கம்பெனிகளைக் கேட்டார்கள். உதவும்படியான பதில் ஒன்றும் வரவில்லை. எஞ்சின் கனமாக இருந்தால் மோட்டார் காரின் சக்கரம் தாங்கிக்கொள்ளும்; இறக்கை தாங்குமா?

எனவே சொந்தக் கடையிலேயே செய்வதென்று முடிவாயிற்று. டெய்லர் 1901இல் சைக்கிள் பழுதுபார்க்கும் வேலைக்குச் சேர்ந்தவர். கடையில் இருந்த இயந்திரங்கள் ஒரு லேத்தும் துளையிடும் இயந்திரம் ஒன்றுமே. முறையான வரைபடம் கிடையாது. மூவரும் கூடிப் பேசி, வேண்டிய உறுப்பைத் துண்டுக் காகிதத்தில் வரைவார்கள். டெய்லர் அதைத் தம் வேலை மேசைக்கு மேலே குத்தி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவார்.

கிராங்க் ஷாஃப்டை அவர் செய்த விதம் நம்மை வியக்க வைக்கிறது. கெட்டியான எஃகுப் பலகை ஒன்றின்மேல் அதன் உருவத்தை வரைந்தார். கோட்டை ஒட்டி வரிசையாகத் துளைகள் போட்டார். பிறகு உளியாலும் சுத்தியலாலும் வேண்டாத பகுதியைத் தட்டி எடுத்துவிட்டு, மிஞ்சியதை லேத்தில் கடைந்து சரியான அளவுக்குக் கொண்டுவந்தார். எஞ்சினின் உடற்கூட்டை மட்டும் அந்த ஊர் வார்ப்படச் சாலையில் அலுமினியத்தில் வார்த்து வாங்கினார்கள். இரும்பில் வார்த்திருந்தால் எடை மிகுந்திருக்கும். ஆறே வாரத்தில் எஞ்சின் தயார்! தையல் வகுப்பில் ஒரு காஜா ஒழுங்காக எடுக்கவே நமக்கு எத்தனை நாளாகிறது!

1903 பிப்ரவரியில் ஓட்டிப் பார்த்தபோது தாங்கிகள் இறுகி, அலுமினியக் கூடு உடைந்துபோயிற்று. புதிதாக வார்த்து வாங்க இரண்டு மாதம் காத்திருந்தார்கள். மறுபடி பூட்டிய எஞ்சின் 12 குதிரைத் திறன் தந்தது. கேட்டதைவிட அதிகம்!

தொல்லை அத்துடன் தீரவில்லை. விமானத்தை வட கரோலினாவின் கிட்டி ஹாக் கடற்கரைக்குக் கொண்டுபோன பிறகு, சங்கிலிச் சக்கரங்கள் தண்டில் நிற்காமல் கழன்று ஆடின. சைக்கிள் டயர் ஒட்டும் பசையை உருக்கி ஊற்றி அவற்றை இறுக்கினார்கள். சைக்கிள் கடைக்காரருக்கல்லாமல் வேறு யாருக்கு இது தோன்றும்? நவம்பர் இறுதியில் விசிறியைச் சுழற்றும் குழாய்த் தண்டில் விரிசல் கண்டது. ஆர்வில் ரயிலேறி டெய்ட்டனுக்கே போய், உள்ளே பொள்ளல் இல்லாத எஃகுத் தண்டுகளைச் செய்து எடுத்துக்கொண்டு டிசம்பர் 11ஆம் தேதி திரும்பினார். பட்டறை ஒன்று கைவசம் இல்லாதிருந்தால் அந்த ஆண்டு அவர்கள் பறந்திருக்கவே முடியாது என்பது நம் எண்ணம்.

டிசம்பர் 17ஆம் தேதி ஆர்வில் 12 விநாடி பறந்தார். கடந்த தூரம் 120 அடி. அன்றைய புகைப்படத்தில் சகோதரர் இருவரும் இருக்கிறார்கள். டெய்லர் இல்லை. அவர் டெய்ட்டனில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.