வடசென்னை மேடைகள் – 7: கேபிளைக் கழற்றும் முன்

ஆடி பிறந்தால் பழைய வண்ணாரப்பேட்டையில் தெருவுக்குத் தெரு மேடை. கூழ் ஊற்றிய அன்று இரவோ மறுநாளோ பாட்டுக் கச்சேரி இருக்கும். தெருவின் அகலம்தான் மேடையின் அகலம். அந்த இடத்துக்குள் கீபோர்டு, டிரம்ஸ், டோலக், ரிதம் பேட், பேஸ் கிட்டார், லீட் கிட்டார், பாடுகிறவர்கள் நாலைந்து பேர், நடுநடுவே சால்வை போட ஏறி வரும் பெரியவர்கள். பலகைமேல் போட்ட கம்பளம் தெரியாத அளவுக்குக் கேபிள்கள் ஓடும். சால்வையோடு வருகிறவர் கால் பட்டு கிட்டார் கேபிள் பிடுங்கிக்கொண்டால், பாட்டின் நடுவே ஸ்பீக்கரில் வெடிச்சத்தம் கேட்கும்.

இந்தத் தொந்தரவால்தான் வடசென்னையில் கிட்டார் வாசிக்கும் பிள்ளைகள் பலரும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வயர்லெஸ் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள். ஒரு துண்டு (டிரான்ஸ்மிட்டர்) கிட்டாரில், இன்னொரு துண்டு (ரிசீவர்) பெடலிலோ ஆம்பிலோ. வாங்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் நம் தெரு மேடையில் அதை வாங்க இன்னும் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, விளம்பரத்தில் அது வராது. அந்தக் காரணம் ஷாக்.

"அண்ணா, மைக்குல கரண்ட் அடிக்குதுணா."

"பிளக்கத் திருப்பிக் குத்துப்பா, சரியாப்பூடும்."

சவுண்ட் செக் நேரத்தில் இந்தப் பேச்சைக் கேட்காத கிட்டார்காரர் இங்கே குறைவு. கம்பிகளில் கை வைத்தபடி, கோரஸ் பாட மைக்கை நெருங்குவார். உதடு பட்டதும் சுருக்கென்று இழுக்கும். சில நாள் கூச்சம்போல, சில நாள் தலை பின்னால் போகிற அளவுக்கு.

அந்த மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்போம். கிட்டார் கம்பிகள் உட்கார்ந்திருக்கும் பிரிட்ஜிலிருந்து ஒரு மெல்லிய வயர் உள்ளே ஜாக்குக்குப் போகிறது. இரைச்சலை அடக்கப் பெரும்பாலான எலெக்ட்ரிக் கிட்டார்களில் வைத்திருப்பதுதான் அது. ஜாக்கிலிருந்து கேபிளின் வெளிச்சுற்று வழியாக ஆம்பின் இரும்புக் கூட்டுக்கும், அங்கிருந்து பிளக்கின் மூன்றாவது காலுக்கும் போகிறது. மைக்கின் வலைமூடிக்கும் இதே கதைதான், அது மிக்சரின் கூட்டோடு சேர்ந்திருக்கிறது. இரண்டு கூடுகளும் ஒரே எர்த்தில் சேர்ந்திருந்தால் தொல்லையில்லை. தெரு மேடையில் அவை சேர்வது அபூர்வம். மிக்சருக்கு ஜெனரேட்டர், கிட்டார் ஆம்புக்குப் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக இழுத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அந்த பாக்ஸில் மூன்று ஓட்டை இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. ஹம் வருகிறதென்று எர்த் பின்னைக் கழற்றிவிட்டவர்களும் உண்டு. பழைய ஆம்பில் கசிகிற மின்சாரம் போக வழியில்லாமல் கூட்டிலேயே நிற்கும். ஒரு கை கம்பியிலும் உதடு மைக்கிலும் பட்டால், வழி கிடைத்துவிடும். அந்த வழி வாசிக்கிறவரின் உடம்பு.

பிளக்கைத் திருப்பிக் குத்தினால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறும். கசிவு குறையும், சில சமயம் மறைந்த மாதிரியும் இருக்கும். ஆனால் கூடு எர்த்தில் சேரவில்லை என்ற பிரச்சினை அப்படியே இருக்கிறது. ஹம்மை ஒழிக்க வழி வேறு. டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டலாம். பிளக்கின் எர்த் காலை ஒடிக்கிறவர் தனக்குப் பின்னால் வாசிக்க வருகிறவரின் உயிரோடு விளையாடுகிறார்.

இது மிகைப்படுத்தல் இல்லை. 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரத்தில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார்காரர் லெஸ் ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்துபோனார். 1976 டிசம்பரில் அமெரிக்காவின் லேக்லேண்டில் கிஸ் குழுவின் ஏஸ் ஃப்ரேலி மேடைப் படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்ததும் தூக்கி எறியப்பட்டார், பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அந்தக் குழு கென் ஷாஃபர் என்பவர் உருவாக்கியிருந்த வயர்லெஸ் கருவிக்கு மாறியது. ஓடி ஆடி வாசிக்கும் வசதியோடு, கிட்டார் வயர்லெஸ்ஸைப் பெரிய மேடைகளுக்குக் கொண்டுவந்ததில் உயிர்ப்பயத்துக்கும் பங்கு உண்டு.

வயர்லெஸ் மாட்டினால் கிட்டாருக்கும் ஆம்புக்கும் இடையே உலோகத் தொடர்பே இல்லை. கிட்டாரில் இருப்பது சின்ன பேட்டரி மட்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு வைத்தாலும் அந்த வழி அறுந்துவிட்டது. நம் மேடைகளில் இதற்காக மட்டுமே இதை வாங்கலாம் என்பேன்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. காப்பாற்றப்படுவது கிட்டார் வழியாக வரும் ஆபத்திலிருந்து மட்டும். மைக்கின் கூட்டில் மின்சாரம் நின்றால், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று பாடுகிற பெண்ணுக்கு அது அடிக்கத்தான் செய்யும். வயர்லெஸ் வாங்கிய பிறகும் கச்சேரிக்கு முன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, மைக் வலைக்கும் ஆம்பின் கூட்டுக்கும் நடுவே பாருங்கள். முள் நகர்ந்தாலே மைக் செட் அண்ணனைக் கூப்பிடுங்கள். மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை மேடை லைனில் போடச் சொல்லுங்கள். அதன் விலை ஒரு பெடலின் விலைகூட வராது.

இனி எதை வாங்குவது என்ற கேள்வி. கடையில் முதலில் காட்டுவது தூரத்தை. 15 மீட்டர், 30 மீட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கும். வண்ணாரப்பேட்டை மேடையில் கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே அதிகம் போனால் நாலு மீட்டர். தூரத்துக்காகக் கூடுதல் காசு தர வேண்டாம். கூட்டத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

சின்ன வயர்லெஸ்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கின்றன. இந்தியாவில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். அதனாலேயே வைஃபையும் புளூடூத்தும் அதே இடத்தில் குடியிருக்கின்றன. நாலு மணி சவுண்ட் செக்கில் தெருவில் ஆள் இல்லை, சத்தம் தெளிவாக இருக்கும். எட்டு மணிக்கு ஆயிரம் பேர், ஆயிரம் போன், மேலே ஒரு டிரோன். அப்போதுதான் அறுந்து அறுந்து வரும். பழைய அனலாக் வயர்லெஸ் கெடும்போது முதலில் உஸ் என்று இரையும், அதுவே ஓர் எச்சரிக்கை. டிஜிட்டலில் அப்படியில்லை. கடைசி நொடி வரை சுத்தமாக இருந்து, பிறகு மொத்தமாக நின்றுவிடும். துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் கப்பல் வயர்லெஸ் குறுக்கே வருகிறதோ என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. கப்பல்காரர்கள் பேசுவது 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸில், நம் கிட்டாருக்கு வெகு தூரம் கீழே.

2.4இல் இந்த நெரிசல் இருப்பதால் 5.8 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் இப்போது அதிகம் வருகின்றன. இந்தியாவில் 2018 விதிகளுக்குப் பிறகு 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் தேவையில்லை. தெருக் கச்சேரிக்கு இது நல்லது. கல்யாண மண்டபத்தில் மட்டும் எச்சரிக்கை. கேமராவிலிருந்து எல்இடி திரைக்குப் படம் அனுப்பும் வயர்லெஸ் பெட்டிகள் பல 5 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே ஓடுகின்றன. வீடியோகாரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. ஷூரின் ஜிஎல்எக்ஸ்-டி பிளஸ் இரண்டு பட்டைகளையும் பயன்படுத்தக்கூடியது, ஆனால் விலையும் பருமனும் வேறு வகை. வெளிநாட்டிலிருந்து யாராவது பழைய யூஎச்எஃப் செட் கொண்டுவந்து கொடுத்தால் அதில் எழுதியிருக்கும் அலைவரிசையைப் பாருங்கள். 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை ஜியோவுக்குப் போய்விட்டது. 5ஜி டவருக்குக் கீழே அந்தப் பட்டையில் வேலை செய்யும் செட் பயன்படாது.

ரிசீவரை எங்கே வைக்கிறோம் என்பது எந்தக் கம்பெனி என்பதைவிட முக்கியம். வாசிக்கிறவர் ஜனங்களைப் பார்த்து நிற்கிறார். டிரான்ஸ்மிட்டர் வயிற்றுக்கு முன்னால். ஆம்ப் முதுகுக்குப் பின்னால். ரிசீவரை ஆம்பில் செருகினால் அலை உடம்பைத் தாண்டிப் போக வேண்டும். உடம்பில் பாதிக்குமேல் தண்ணீர், இந்த அலைகளைத் தண்ணீர் நன்றாக விழுங்கும். காலுக்கு முன்னால் இருக்கும் பெடல்போர்டில் ரிசீவரை வைத்தால் நடுவே மறைப்பே இல்லை. நாலு மீட்டர் ஒரு மீட்டராகிறது. பெடல்போர்டின் பின்பக்கம் ஒரு மரத்துண்டைக் கொடுத்துக் கொஞ்சம் தூக்கி வைத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது தாமதம். டிஜிட்டல் கருவி ஒலியை எண்ணாக்கி, அனுப்பி, திரும்ப ஒலியாக்க மில்லி செகண்டுகள் ஆகும். பாஸ் டபிள்யூஎல்-20ல் 2.3 மில்லி செகண்ட் என்கிறது கம்பெனி. லைன் 6 ரிலே ஜி10ல் 3க்குள். எக்ஸ்வைவ் யூ2ல் 6க்குள். சென்னைச் சூட்டில் ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 35 சென்டிமீட்டர் போகும். ஆக 6 மில்லி செகண்ட் என்பது ஆம்பிலிருந்து ஏழடி தள்ளி நிற்பதற்குச் சமம், அதில் யாரும் தடுமாறுவதில்லை. ஆனால் வயர்லெஸ்ஸுக்குப் பிறகு மல்டி எஃபெக்ட்ஸ், டிஜிட்டல் மிக்சர், காதில் டிஜிட்டல் இன்-இயர் என்று வரிசையாகச் சேர்ந்தால் எல்லாத் தாமதமும் கூடும். டோலக்கோடு சேர்ந்து வேகமாக வெட்டி வாசிக்கிற கானா ரிதமில் அது விரலுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் குறைந்த தாமதத்துக்குக் காசு கொடுப்பது நியாயம்.

கட்டை மோளமும் சட்டி மோளமும் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒரே மேடையில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு காட்டியது. டென்மா ஒருங்கிணைத்த அந்தக் குழுவில் ராயபுரத்து இசைவாணி பாடினார், சாஹிப் சிங் கிட்டார் வாசித்தார். அந்த வகை இசையில் மோளத்தின் அடிக்கும் கிட்டாரின் வெட்டுக்கும் நடுவே இடைவெளி விழவே கூடாது. வடசென்னைப் பிள்ளைகள் இன்று வாசிக்க ஆசைப்படுவது இப்படிப்பட்ட இசை. அதனால்தான் சின்ன எண்களைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

டோன் மாறும், பயப்பட வேண்டாம். சாதாரண கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட் மின்தேக்கம் உண்டு. ஆறு மீட்டர் கேபிள் கிட்டாரின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கும், நம் காது அதற்குப் பழகியிருக்கிறது. வயர்லெஸ்ஸில் அந்த மழுங்கல் இல்லை, அதனால் முதல் நாள் கீச்சென்று இருக்கும். டபிள்யூஎல்-20 மூன்று மீட்டர் கேபிளின் குணத்தைச் செயற்கையாகச் சேர்க்கிறது. மற்றவற்றில் ஆம்பின் டிரெபிளை ஒரு புள்ளி குறைத்தால் போதும். ஃபஸ் பெடல் வைத்திருப்பவர்கள் மட்டும் வாங்கும் முன் வாசித்துப் பார்க்க வேண்டும். கிட்டாரோடு நேராகப் பேசிப் பழகிய பெடல் அது, நடுவே இன்னொரு மின்சுற்று வந்தால் குணம் மாறிவிடும்.

பேட்டரி பற்றியும் சொல்ல வேண்டும். யூ2 ஐந்து மணி நேரம் ஓடும் என்கிறார்கள், டபிள்யூஎல்-20 அதைப்போல இரு மடங்கு. ஆறு மணிக்கு சார்ஜைப் பிடுங்கி, தலைவர் தாமதமாக வந்து ஒன்பதரைக்குக் கச்சேரி ஆரம்பித்து, நள்ளிரவு நேயர் விருப்பம் வரை போகிற ஊர் இது. சார்ஜ் கேசோடு வரும் நக்ஸ் பி-5ஆர்சி மாதிரியான கருவிகளுக்கு இங்கே தனி வசதி உண்டு, இடைவேளையில் கேசில் போட்டு எடுக்கலாம். இவற்றின் லித்தியம் பேட்டரியை நாமே மாற்ற முடியாது. செகண்ட்ஹேண்டில் வாங்குகிறவர்கள் கடையிலேயே முழு சார்ஜில் ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பார்க்க வேண்டும்.

உப்புக்காற்றுக்கு இதில் எந்தக் கம்பெனியும் விலக்கில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி வாசிக்கிறவர்களின் ஜாக்குகள் சீக்கிரம் கறுக்கும். கறுத்த ஜாக்கில் வயர்லெஸ் செருகினால் கரகரப்பு வரும், கருவியைக் குறை சொல்வார்கள். கச்சேரி முடிந்ததும் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி, வேர்வையைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள். மாதம் ஒருமுறை கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். ஸ்ட்ராட் வகைக் கிட்டாரில் ஜாக் குழிக்குள் இருக்கும், மடங்கும் தண்டு உள்ள டிரான்ஸ்மிட்டர்தான் அதில் சரியாக உட்காரும். கடைக்குப் போகும்போது கிட்டாரையும் தூக்கிக்கொண்டு போங்கள். மவுண்ட் ரோடு இசைக் கடைகளில் செருகிப் பார்க்க விடுவார்கள், ஆன்லைனில் அது முடியாது.

வயர்லெஸ் வாங்கிவிட்டோம் என்று கேபிளை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். ஆம்பின் பின்பக்கம் ஒரு நல்ல கேபிள் சுற்றியே இருக்கட்டும். அதைச் செருக வேண்டிய நிலை வந்தால், மல்டிமீட்டரை இன்னொரு முறை எடுங்கள். இந்தத் தடவை ஒரு முனையைக் கிட்டார் பிரிட்ஜில் வையுங்கள், இன்னொன்றை மைக்கில்.

(தொடரும்)