சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை

1963இல் லண்டன் தெருமுனைகளில் நீல நிறப் போலீஸ் பெட்டிகள் நின்றன. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். வெளிப்பக்கம் உள்ள சின்னக் கதவைத் திறந்தால் ஒரு தொலைபேசி. யார் வேண்டுமானாலும் எடுத்துக் காவல் நிலையத்தோடு பேசலாம். உச்சியில் ஒரு விளக்கு. அது மின்னினால், ரோந்தில் இருக்கும் காவலரை நிலையம் கூப்பிடுகிறது என்று அர்த்தம். அந்தப் பக்கம் தினமும் போய்வருகிறவர்கள் ஏறெடுத்தும் பார்க்காத தெருச் சாமான் அது.

அந்த ஆண்டு நவம்பர் 23, சனிக்கிழமை மாலை ஐந்தேகாலுக்கு பிபிசியில் 'டாக்டர் ஹூ' தொடங்கியபோது, முதல் சில நொடிகளுக்குள் இந்தப் பெட்டி வந்துவிடுகிறது. பனிமூட்டம் படிந்த இரவு. ஒரு காவலர் பழைய சாமான் கிடங்கின் வாசலில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நகர்கிறார். கதவு திறக்கிறது, கேமரா உள்ளே போகிறது. தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே போலீஸ் பெட்டி. அதிலிருந்து மெல்லிய ரீங்காரம்.

பிறகு, தங்கள் மாணவி சூசனைப் பின்தொடர்ந்து இரண்டு ஆசிரியர்கள் அங்கே வருகிறார்கள். இயான் அறிவியல் ஆசிரியர், பார்பரா வரலாற்று ஆசிரியை. இயான் பெட்டியைத் தொடுகிறார், கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறார். அது அதிர்கிறது. சுற்றிவந்து பார்க்கிறார், எதனோடும் இணைப்பு இல்லை. சற்று நேரத்தில் இருவரும் உள்ளே முண்டியடித்து நுழைந்தால், இருண்ட கிடங்கிலிருந்து வெளிச்சம் கொட்டும் ஒரு பெரிய வெள்ளை மண்டபத்துக்குள் வந்து நிற்கிறார்கள். அன்றைக்கு வரவேற்பறையில் இதைப் பார்த்தவர்களுக்கு வேற்றுக்கிரகம் எதுவும் தேவைப்படவில்லை. மறுநாள் காலை பால் வாங்கப் போகும் வழியில் அதே பெட்டி நின்றிருக்கும்.

இப்போது இந்தத் தொடரை முதல்முறையாகப் பார்க்கிறவருக்கு நிலைமை தலைகீழ். காவலர்கள் கையில் வானொலிக் கருவி வந்த பிறகு, 1960களின் கடைசியிலிருந்து பெட்டிகளை எடுத்துவிட்டார்கள். பெட்டியின் உருவத்தைத் தன் வணிகச் சின்னமாகப் பதிவுசெய்ய பிபிசி 1996இல் விண்ணப்பித்தது. லண்டன் காவல்துறை எதிர்த்தது. 2002இல் பிபிசிக்குச் சாதகமாகவே முடிவானது. அந்த நீலப் பெட்டியை இன்று பார்க்கும் எவருக்கும் காவல்துறை நினைவுக்கு வராது, தொடரில் டாக்டர் பயணம் செய்யும் டார்டிஸ்தான் நினைவுக்கு வரும். உள்ளே போனால் பெரிதாக இருக்கும் என்பது தொடரைப் பார்க்காதவர்களுக்கும் தெரியும். ஆகவே நான் அந்த முதல் காட்சியைப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த ஆச்சரியம் வேறு. பெட்டியைக் கண்டு அல்ல, பெட்டியைக் கண்டு இரண்டு பேர் இவ்வளவு நடுங்குகிறார்களே என்று அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வில்லியம் ரஸ்ஸலும் ஜாக்குலின் ஹில்லும் அந்த நடுக்கத்தைத் துளிகூடக் குறைக்காமல் நடித்திருக்கிறார்கள். குழந்தைகள் பார்க்கும் நிகழ்ச்சிதானே என்ற அலட்சியம் எங்கும் இல்லை.

அதற்குக் காரணமானவர்கள் இரண்டு இளைஞர்கள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அப்போது 28 வயதுகூட நிறையவில்லை. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைனுக்கு 24. அவர் லக்னோவில் பிறந்தவர். நிறுவனத்தில் மூத்தவர்கள் பலர் நம்பிக்கை வைக்காத ஒரு நிகழ்ச்சியை, லைம் குரோவ் என்ற பழைய ஸ்டுடியோவின் நெருக்கடியான தளத்தில் இவர்கள் எடுத்தார்கள். முதல் பகுதி ஒளிபரப்பான நேரமும் நல்ல நேரம் அல்ல. கென்னடி சுடப்பட்டது அதற்கு முந்தைய நாள். சில பகுதிகளில் மின்வெட்டு வேறு. அதனால் அடுத்த சனிக்கிழமை, இரண்டாம் பகுதிக்கு முன்பாக முதல் பகுதியை மறுபடியும் போட்டார்கள். அந்தச் சலுகை அபூர்வம். மற்றபடி ஒரு பகுதியைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

இந்த இடத்தில்தான் அன்றைக்கும் இன்றைக்குமான பெரிய இடைவெளி இருக்கிறது. 1963 டிசம்பர் 21ஆம் தேதிப் பகுதியின் கடைசி நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பார்பரா ஓர் ஆளரவமற்ற உலோக நகரத்துக்குள் தனியாக மாட்டிக்கொள்கிறாள். கூப்பிட்டுப் பார்க்கிறாள், பதில் இல்லை. அவள் கடந்த கதவுகள் அவளுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக மூடிக்கொள்கின்றன. சுவரைத் தடவிக்கொண்டே நகர்கிறாள். திடீரென்று ஏதோ ஒன்றின் கண் வழியாக நாம் அவளைப் பார்க்கிறோம். அந்த ஒன்று நெருங்குகிறது. சட்டகத்தின் ஓரத்தில் அதன் கைமுனை மட்டும் தெரிகிறது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு அலறுகிறாள். முடிந்தது. அந்தக் கை என்ன, யாருடையது என்று தெரிய பிரிட்டன் ஒரு வாரம் காத்திருந்தது. நடுவே கிறிஸ்துமஸ் வந்துபோனது. டிசம்பர் 28இல்தான் டாலெக் முழு உருவத்தோடு திரையில் நகர்ந்து வந்தது.

டெர்ரி நேஷன் எழுதிய அந்த உயிரினத்துக்கு ரேமண்ட் குசிக் உருவம் கொடுத்தார். மனிதன் உள்ளே இருக்கிறான் என்று தெரியக் கூடாது, கால் இருக்கக் கூடாது. கைமுனையில் இருந்தது கழுவுதொட்டி அடைப்பை எடுக்கும் ரப்பர் உறிஞ்சிதான். அலறல் வந்தது பொருளைப் பார்த்து அல்ல, பார்க்காமல் போன ஏழு நாளைப் பார்த்து. தெருவெல்லாம் பிள்ளைகள் டாலெக்காக மாறினார்கள். முதல் பகுதியைப் பார்த்தவர்கள் சுமார் 44 லட்சம் பேர். டாலெக் கதை முடியும்போது ஒரு கோடியைத் தாண்டியிருந்தது.

நான் பார்த்தபோது அந்த அலறலுக்கும் விடைக்கும் நடுவே இருந்தது தலைப்பு இசை மட்டும்தான். அலறல் அடங்கும் முன்பே விடை வந்துவிட்டது. பயப்பட நேரமே இல்லை. வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். தொடரும் என்று போட்ட இடத்திலிருந்து அடுத்த இதழ் வரை கதையை வாசகர்தான் சுமப்பார், அதுவும் கதையில் சேர்த்தி. அந்த வாரத்தை எடுத்துவிட்டு டாலெக் கதையின் ஏழு பகுதிகளையும் ஒரே மூச்சில் பார்த்தால் இழுவையாகத்தான் இருக்கும். காட்டுக்குள் நடக்கிறார்கள், திரும்பி வருகிறார்கள், மறுபடி நடக்கிறார்கள். 25 நிமிடத் துண்டுகளாக அது ஒருபோதும் நீளம் அல்ல. 2023 நவம்பர் 23ஆம் தேதி, தொடரின் 60ஆம் ஆண்டு நாளில், அந்த ஏழு பகுதிகளை 75 நிமிடமாக வெட்டி, வண்ணம் சேர்த்து ஒளிபரப்பினார்கள். பார்க்க அழகாக இருந்தது, வேகமாக ஓடியது. ஆனால் அது வேறு படைப்பு. முதல்முறை பார்க்கப்போகிறவர்களிடம் நான் ஒன்று கேட்டுக்கொள்வேன்: கறுப்பு வெள்ளையில், நாளுக்கு ஒரு பகுதிக்கு மேல் பார்க்காதீர்கள். முடிந்தால் வாரத்துக்கு ஒன்று.

படத்தின் தெளிவும் இதே போன்ற ஒரு விஷயம். அன்றைய ஒளிபரப்பு 405 கோடுகள் கொண்டது, வீட்டுத் திரைகளும் சின்னவை. டாலெக்குகளை நான்கே நான்குதான் செய்தார்கள். கூட்டம் வேண்டிய இடத்தில் அவற்றின் பெரிய புகைப்படங்களை அட்டையில் வெட்டிப் பின்னால் நிறுத்தினார்கள். அன்றைக்கு அது படையாகத் தெரிந்தது. சுத்தப்படுத்திய இன்றைய பிரதியில் அட்டை அட்டையாகவே தெரிகிறது. காட்சிகளை ஏறக்குறைய நாடகம் போல நிறுத்தாமல் பதிவுசெய்தார்கள். ஒளிநாடாவை வெட்டி ஒட்டுவது செலவு பிடிக்கும் வேலை. அதனால் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் கதிர்வீச்சு மருந்து என்று சொல்ல வேண்டிய இடத்தில் கையுறை என்று சொல்லிவிட்டுத் திருத்திக்கொள்வதும் அப்படியே இருக்கிறது. எனக்கு இவை குறையாகப் படவே இல்லை. ஒரு கிழவர், ஒரே வீச்சில், அடுத்த வசனத்தைப் பிடிக்க ஓடுவதைப் பார்க்கும்போது அவர் மேல் மரியாதைதான் கூடுகிறது.

ஒலி மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே. ரான் கிரெய்னர் எழுதிய தலைப்பு இசையை டெலியா டெர்பிஷைர் ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி, சுருதிக்கும் தாளத்துக்கும் ஏற்ப ஒட்டி உருவாக்கினார். கணினியும் இல்லை, சிந்தசைசரும் இல்லை. கிரெய்னரே கேட்டு வியந்து, தன் பெயரோடு அவர் பெயரையும் போடச் சொன்னார், நிர்வாகம் ஒப்பவில்லை. திரையில் அவர் பெயர் வர 2013 ஆக வேண்டியிருந்தது. அதற்குள் அவர் இறந்து 12 ஆண்டுகள். டார்டிஸ் கிளம்பும் ஓசை, பிரையன் ஹாட்ஜ்சன் ஒரு வீட்டுச் சாவியால் பழைய பியானோவின் தந்தியைத் தேய்த்து எடுத்தது. இன்றைய நல்ல ஒலிபெருக்கியில் கேட்டாலும் அது எதிலிருந்து வருகிறது என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இவ்வளவு நெருக்கமாக இன்று பார்க்க முடிகிறது என்பதே அதிசயம். அன்றைக்கு ஒளிநாடா விலை அதிகம், மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்கத்தின் கட்டுப்பாடுகள், வீட்டில் வைத்துப் பார்க்கும் வழி யாருடைய கனவிலும் இல்லை. ஆகவே நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். வெளிநாட்டு விற்பனைக்காக எடுத்த படச்சுருள் பிரதிகளையும் 1970களில் குப்பையில் போட்டார்கள். 1960களின் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் இப்படித் தொலைந்தன. வாரிஸ் ஹுசைன் முக்கால்வாசிக்கு மேல் இயக்கிய 'மார்கோ போலோ' கதையின் ஏழு பகுதிகளும் அதில் அடக்கம். ஹாங்காங்கிலிருந்து ஒரு கதை திரும்பி வந்தது. 2013இல், நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் கிடந்த ஒன்பது பகுதிகள் கிடைத்தன. அதே 2023 நவம்பரில் பிபிசி தன் இணையச் சேவையில் 800க்கும் மேற்பட்ட பகுதிகளை வரிசையாக வைத்தது. ஆனால் உரிமைச் சிக்கலால், எல்லாவற்றுக்கும் தொடக்கமான அந்தப் பழைய சாமான் கிடங்குக் கதை அந்த வரிசையில் இல்லை.

தொலைந்தவற்றில் எனக்கு மனம் ஆறாதது 1966 அக்டோபர் 29ஆம் தேதிப் பகுதி. ஹார்ட்னெல் உடல்நிலை சரியில்லாமல் விலகுகிறார், பேட்ரிக் ட்ரௌட்டன் வருகிறார் என்று செய்தித்தாள்களில் வந்திருந்தது. எப்படி என்பது யாருக்கும் தெரியாது. டார்டிஸின் தரையில் கிழவர் சரிந்து விழுகிறார், முகம் ஒளியில் கரைகிறது, வேறொரு முகம் தெளிகிறது. டாக்டர் சாவதில்லை, வேறொருவராகிறார் என்ற ஏற்பாடு இல்லாவிட்டால் தொடர் அன்றே முடிந்திருக்கும். இன்று பார்க்கிறவருக்கு இது முதலிலேயே தெரியும். அந்தப் பகுதி இல்லை. கடைசிச் சில நொடிகள் மட்டும் இருக்கின்றன, குழந்தைகளுக்கான 'புளூ பீட்டர்' நிகழ்ச்சியில் அதைப் பின்னாளில் எடுத்துப் போட்டிருந்ததால்.

அடுத்த கதையான 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' ஆறு பகுதிகளும் இல்லை. ஆனால் எந்தப் பகுதியின் ஒலியும் தொலையவில்லை. மறுபடி கேட்க முடியாதே என்ற ஏக்கத்தில், டேப் ரிக்கார்டரைத் தொலைக்காட்சியோடு இணைத்தோ அருகில் மைக்கை வைத்தோ பதிவுசெய்த சிறுவர்கள் இருந்தார்கள். வீட்டில் யாரும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். 2016இல் அந்த ஒலியின் மேல் ஓவிய அசைவு சேர்த்து ஆறு பகுதிகளையும் வெளியிட்டார்கள். நான் ட்ரௌட்டனை முதன்முதலில் பார்த்தது அந்த ஓவியமாகத்தான். குரல் மட்டும் அவருடையது, அந்தப் பிள்ளைகள் எடுத்துவைத்தது.