ஏ.எம்.ஐ.இ. இன்று யாருக்கு, எதற்காக?

போன மாதம் ஸ்ரீவராகம் குளக்கரையில் மாலை நடையை முடித்துக்கொண்டு வீடு திரும்புகையில், எங்கள் தெருவில் குடியிருக்கும் அம்மாள் ஒருவர் மகனையும் கூட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தார். பையன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறான். "சார், நீங்களும் டிப்ளமோ படிச்சு ஏ.எம்.ஐ.இ. எழுதினவர்தானே? இவனும் எழுதினா டிகிரி ஆயிடுமா? கோச்சிங் நடத்தறவர் ஒருத்தர் பணம் கட்டுங்கன்னு விடாம போன் பண்றார்" என்று கேட்டார்.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் டிப்ளமோ படித்த பிள்ளைகள் இருப்பதால், அன்று அவர்களுக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் கசப்பான செய்தி. ஒரு காலத்தில் ஏ.எம்.ஐ.இ. தேர்வின் 'ஏ', 'பி' ஆகிய இரு பிரிவுகளையும் தேறியவருக்கு மத்திய அரசு வேலைகளில் பி.இ. பட்டத்திற்குச் சமமான தகுதி கிடைத்து வந்தது. 2012 டிசம்பர் 6ஆம் தேதி மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட உத்தரவுப்படி, 2013 மே 31 வரை சேர்ந்தவர்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை. அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்குக் கிடையாது. தேர்வு நடக்கிறது, படித்தால் அறிவும் வளரும். ஆனால் டிகிரி ஆகிவிடும் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். டிப்ளமோக்காரருக்குப் பட்டம் வேண்டுமென்றால் லேட்டரல் என்ட்ரி மூலம் நேரே இரண்டாம் ஆண்டு பி.டெக். சேரும் வழி இருக்கிறது.

"அப்படின்னா அந்தச் சங்கத்துல மெம்பர் ஆகறதுல ஒண்ணும் இல்லையா சார்?" என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. முப்பது வருஷம் ரயில்வே ஆபீஸில் சக ஊழியர்களிடம் உறுப்பினர் படிவத்தை நீட்டிக்கொண்டே இருந்தவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் என்னும் இந்த அமைப்பு 1920 செப்டம்பர் 13ஆம் தேதி பதிவானது நமது சென்னையில்தான் என்பது பலருக்குத் தெரியாது. இந்தியத் தொழிற் கமிஷனின் தலைவராக இருந்த சர் தாமஸ் ஹாலந்து எடுத்த முயற்சி அது. மறு ஆண்டு பிப்ரவரியில் கல்கத்தாவில் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு பிரபு தொடங்கி வைத்தார். தலைமையகம் இன்றும் அங்கே கோகலே சாலையில் இருக்கிறது. 1928 முதல் தேர்வுகள் நடத்துகிறார்கள். 1935இல் பிரிட்டிஷ் மன்னரின் ராயல் சார்ட்டர் கிடைத்தது. 'சார்ட்டர்டு இன்ஜினியர்' என்று உறுப்பினர்கள் போட்டுக்கொள்வது அதை வைத்துத்தான். நமது ஊரில் கேரள மாநில மையம் வெள்ளயம்பலத்தில் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது எத்தனையோ தடவை கடந்து போயிருப்பீர்கள்.

எண்பதுகளில் நான் ரயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தபோது என் மேலதிகாரி ஒருவர் படிவத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். பகலெல்லாம் ட்ராலியில் லைன் பார்த்துவிட்டு ராத்திரியில் கணக்குப் போட்டு, சில பேப்பர்களில் கோட்டைவிட்டு, பல வருஷம் கழித்துத்தான் தேறினேன். என்னை அறிந்த உறுப்பினர்கள் என் விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. என் வேலையைக் கண்ணால் பார்த்த ஒருவர், இவரை எங்கள் கூட்டத்தில் சேர்க்கலாம் என்று தம் பெயரை அடமானம் வைக்கிறார். எனக்கு அந்தக் கையெழுத்துதான் சர்டிபிகேட்டை விடப் பெரிதாகத் தோன்றியது.

பிறகு அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் மலையாளிகள். "இதுகொண்டு எந்தா குணம்?" என்றுதான் முதல் கேள்வி வரும். இன்கிரிமென்ட் உண்டா, பிரமோஷன் உண்டா என்று தமிழர்களும் அதையே கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் கூடாது; சந்தாதான் போகும். ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் தம் பெயருக்குப் பின்னால் எழுத்துகள் போடலாமே என்று சேர்ந்தார், பத்திரிகை அச்சானதும் சந்தாவை நிறுத்திவிட்டார். பேசிப் பேசி ஆள் சேர்க்க முடியாது என்பது எனக்குப் புரியச் சில ஆண்டுகள் ஆயின. அதன்பின் படிவத்தைப் பையில் வைத்துவிட்டு, ஆளை மட்டும் வெள்ளயம்பலத்துச் சொற்பொழிவுக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன்.

அங்கே கிடைத்த ஒரு பாடத்தைச் சொல்கிறேன். எங்கள் செக்ஷனில் ஒரு வெட்டுப் பாதையின் சரிவு ஒவ்வொரு இடவப்பாதி மழைக்கும் சரிந்து கொண்டிருந்தது. நாங்கள் அடியில் கல்லை அடுக்குவதும், மறு வருஷம் கல்லோடு மண் இறங்குவதுமாக இருந்தது. ஒரு சொற்பொழிவு முடிந்து டீ குடிக்கையில், மாநிலப் பொதுப்பணித் துறையைச் சேர்ந்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "மேலே போய்ப் பார்த்தீரா?" என்றார். செங்கல் நிறப் பாறைக்கு அடியில் வெள்ளைக் களிமண் இருக்கும். மேலிருந்து இறங்கும் நீர் அந்தக் களிமண்ணில் தேங்கி அதைச் சோப்பாக வழுக்கச் செய்யும். அடியில் கல் அடுக்கிப் பயனில்லை, சரிவின் தலைப்பில் நீரைத் திருப்பிவிட வேண்டும் என்று விளக்கினார். போய்ப் பார்த்தால், மேலே முன்பே வெட்டியிருந்த வாய்க்கால் காடு மண்டி மூடிக் கிடந்தது. கேங்மேன்களை வைத்து அதைத் திறந்துவிட்டோம். அந்த மழையில் மண் இறங்கவில்லை. என் துறைக்குள்ளேயே இருந்திருந்தால் இன்னும் எத்தனை வருஷம் கல் அடுக்கியிருப்பேனோ! என்னோடு வந்திருந்த இரண்டு பேர் மறு வாரம் தாங்களாகவே படிவம் கேட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. டாக்டருக்கு மெடிக்கல் கவுன்சில் பதிவு வேண்டும். வக்கீலுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி பார் கவுன்சில் பதிவு வேண்டும். பாலம் கட்டும் இன்ஜினியருக்கு அப்படி நாடு முழுவதற்குமான பதிவுச் சட்டம் நம்மிடம் இல்லை. மலேசியாவில் 1967லேயே சட்டம் வந்துவிட்டது. இலங்கையில் 2017இல் வந்தது. இங்கே ஒழுக்க விதிகளை ஏற்று, சக பொறியாளர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவனாக ஒருவன் தானே போய்ச் சேர்ந்துகொண்டால்தான் உண்டு. வளைகுடாவில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2018இல் குவைத்தில் விசா புதுப்பிக்க அங்குள்ள பொறியாளர் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும் என்று ஆனபோது, என்.பி.ஏ. அங்கீகாரம் பெறாத கல்லூரிகளில் படித்த நம்மவர்கள் பலர் திண்டாடினார்கள். ஆகையால் கல்லூரியில் சேரும்போதே அந்தக் கிளைக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெம்பர்ஷிப் அந்தக் குறையை ஈடுசெய்யாது.

பையனிடம் இதைத்தான் சொன்னேன்: கோச்சிங்குக்குப் பணம் கட்டாதே, லேட்டரல் என்ட்ரிக்கு விண்ணப்பி, பட்டம் வாங்கியபின் உறுப்பினராகச் சேர். அதுவரை சொற்பொழிவு இருக்கும் நாளில் என்னோடு வெள்ளயம்பலம் வா.

"சேரும்போது நீங்க கையெழுத்துப் போடுவீங்களா சார்?" என்றான்.

உன் வேலையை நான் பார்த்ததில்லையே, பார்த்தவரிடம் கேள் என்றேன். அம்மாளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பையன் சிரித்துக்கொண்டே, அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டான்.