தீக்காயமா? சிறுநீரகத்தையும் கவனியுங்கள்

2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சங்குளம். பட்டாசு ஆலை விபத்து என்றதும் விருதுநகர் மாவட்டத்தார் சட்டென்று சொல்லும் பெயர்கள் இவை. இத்தகைய விபத்துகளில் உயிர் தப்பி ஆஸ்பத்திரி சேர்ந்தவர்களுக்கு அடுத்த சில நாள்களில் இன்னொரு ஆபத்து வரக்கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதுதான் திடீர் சிறுநீரகச் செயலிழப்பு.

தோல் வெந்தால் சிறுநீரகம் ஏன் கெடுகிறது? வெந்த இடத்தின் வழியே ரத்தத்தின் நீர்ச்சத்து கசிகிறது. ரத்த அழுத்தம் குறைகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறைகிறது. அதே நேரத்தில், சிதைந்த செல்கள் சிந்தும் பொருள்களைக் கண்டு நோய் எதிர்ப்பு செல்கள் விழித்துக்கொள்கின்றன. இன்டர்லூகின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. அளவோடு இருந்தால் இவை காயத்தை ஆற்றும். உடலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெந்துவிட்டால் இவை ரத்தமெங்கும் பரவும். ரத்தக் குழாய்கள் மேலும் கசியும். வெள்ளணுக்கள் சிறுநீரகத்தில் திரண்டு அதன் நுண்குழல்களையே தாக்கும். ஊரைக் காக்க வந்த படை ஊரைச் சூறையாடுவது போன்ற நிலை இது. வெடியில் தசையும் சிதைந்திருந்தால், அதிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற புரதம் அந்தக் குழல்களை அடைத்துவிடும்.

சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ரத்தத்தில் ஏறுவதற்கு ஒன்றிரண்டு நாள் ஆகலாம். அதற்கு முன்பே எச்சரிப்பது படுக்கையோரம் தொங்கும் சிறுநீர்ப் பை. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது சேர வேண்டும். குறைந்தாலோ, கடுங்காப்பி நிறத்தில் போனாலோ உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

விபத்து நடந்தவுடன் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை காயத்தில் சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள். பேனா மை, பற்பசை எதையும் தடவாதீர்கள். தீப்பிடித்த நேரத்தை டாக்டரிடம் சரியாகச் சொல்லுங்கள். ஏனென்றால், முதல் 24 மணி நேரத்துக்கான திரவத்தில் பாதியை, காயம் பட்டதிலிருந்து 8 மணி நேரத்துக்குள் ஏற்றுவது வழக்கம். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். அவை சிறுநீரகத்துக்கு மேலும் சுமை.

போலீஸ் வந்தபிறகுதான் சிகிச்சை என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்ல முடியாது. அரசோ தனியாரோ, முதலில் உயிரைக் காக்க வேண்டும் என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இஎஸ்ஐ-யில் பதிவான தொழிலாளிக்கு, வேலையிடத்து விபத்தென்றால் சிகிச்சையும், வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதமும் உண்டு. இஎஸ்ஐ இல்லாதவருக்கு இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளியுடையது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் டயாலிசிஸும் அடங்கும். அச்சங்குளம் வழக்கில், இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் வழங்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. காயமடைந்தவர்களுக்கும் இழப்பீடு நிர்ணயித்தது.

உரிமையைக் கேட்க ஆதாரம் வேண்டும். விபத்துப் பதிவேட்டின் நகல், ரத்தப் பரிசோதனை முடிவுகள், கூலிச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியில் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். புண் ஆறிவிட்டது என்று இருந்துவிடாமல், மூன்று மாதம் கழித்துக் கிரியேட்டினினையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பாருங்கள். ஒருமுறை அடிபட்ட சிறுநீரகம் பின்னாளில் நிரந்தரமாகப் பழுதாகலாம். முன்கூட்டியே கண்டால் அதைத் தள்ளிப்போடவும் தடுக்கவும் வழி உண்டு.